வசதியானவர் யார்? ஓர் உதவித்தொகைக்காக அளவுகோல்களை ஒப்பிட்டுப் பார்த்தது

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், மேல்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறிய கல்வி நிதியை நடத்தி வருகிறோம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு முதலாண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் அதிலிருந்து கொடுக்கப்படுகின்றன. சென்ற ஆண்டு 31 மனுக்கள் வந்தன. பணம் 12 பேருக்குத்தான் இருந்தது. ‘வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு’ என்று எங்கள் விதியில் எழுதி வைத்திருக்கிறோமே தவிர, எது வசதி என்று எங்கும் எழுதவில்லை. வருமானச் சான்றிதழை இணைக்கும்படி கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை 72,000 ரூபாய் என்ற ஒரே தொகையைச் சொல்லின. எல்லோரும் ஒரே அளவு ஏழைகள் என்று காகிதம் சொல்லிவிட்ட பிறகு, வேறு வழி தெரியாமல் மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்.

தேர்ந்தெடுத்த 12 பேரில் ஒருவருடைய குடும்பத்துக்குக் கடைத்தெருவில் இரண்டு கடைகள் வாடகைக்கு விடப்பட்டிருப்பது பிறகு தெரியவந்தது. விடுபட்ட 19 பேரில் ஒரு பெண் கல்லூரிக்கே போகாமல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அந்தப் பிழை எங்களுடையது. அதை எந்த அலுவலகத்தின் மீதும் சுமத்த இயலாது. இந்த ஆண்டு மனுக்கள் வருவதற்கு முன்னால் எந்த அளவுகோலைக் கைக்கொள்வது என்று முடிவு செய்தாக வேண்டும் என்பதால், காவிரிப் படுகையில் ஒருவரை வசதியானவர் என்று சொல்ல வழக்கத்தில் உள்ள வழிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் குழுவுக்காக எழுதினேன். இதே கேள்வி மற்ற ஊர்களிலும் இருக்கும் என்பதால் அதைச் சற்று விரித்து இங்கே வைக்கிறேன்.

முதலில் நிலத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் எங்கள் பகுதியில் வேறெதையும்விட நீண்ட காலம் மனிதரை அளந்த கோல் அதுதான். குழி, மா, வேலி என்ற கணக்கு இன்றும் பெரியவர்களின் வாயில் இருக்கிறது. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட், ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். ‘அவருக்கு நாலு வேலி’ என்று சொன்னால் போதும், அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், அவர் வீட்டுப் பத்தாயத்தில் எவ்வளவு நெல் இருக்கும், எத்தனை பண்ணையாட்கள் அவர் வாசலில் நிற்பார்கள், கோயில் திருவிழாவில் அவருக்கு எந்த இடம் என்பவையெல்லாம் கேட்பவருக்கு விளங்கிவிடும். அரசுச் சட்டமே அந்த வேலிக் கணக்கைத்தான் எல்லையாக வைத்தது: 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஓர் ஊரில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்த மிராசுதார்களுக்கே, அதாவது நில உடைமையாளர்களுக்கே, பொருந்தியது. குத்தகை சாகுபடி செய்பவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது சேர வேண்டும் என்று அது சொன்னது. 1956இல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் நஞ்சையில் நில உடைமையாளரின் பங்கை 40 விழுக்காடாகக் குறைத்தது. 1961இல் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று உச்சவரம்பு வந்து, 1970இல் அது 15 ஆக இறங்கியது. இவற்றில் எழுதியபடி நடந்தவையும் உண்டு, பினாமிப் பெயர்களில் கரைந்துபோனவையும் உண்டு. ஆனாலும் மூன்று தலைமுறைப் பாகப்பிரிவினையும் இந்தச் சட்டங்களும் சேர்ந்து வேலிகளை மாக்களாகப் பிரித்துவிட்டன என்பதை எங்கள் ஊர்ச் சிட்டாவை, அதாவது நில உடைமைப் பதிவேட்டை, புரட்டினாலே பார்க்கலாம்.

இன்று நிலம் எவ்வளவு வசதியைத் தருகிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பாவில் ஏக்கருக்கு 24 குவிண்டால் கண்டது என்று வைத்துக்கொண்டால், 2025-26 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகத்துக்குக் கிடைத்த குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் விலையில், ஏக்கருக்கு 60,000 ரூபாய் வரும். உழவு, நடவு, களை, உரம், அறுவடை இயந்திர வாடகை, மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஈரப்பதம் குறையும்வரை காத்திருப்பது என்று பாதிக்கு மேல் செலவிலேயே போய்விடும். எல்லாம் நன்றாக நடந்த ஆண்டில் ஐந்து ஏக்கருக்கும் சேர்த்து ஒரு போகத்தில் ஒன்றேகால் இலட்சம் மிஞ்சினால் அது நல்ல மகசூல். அவருடைய பக்கத்து வீட்டில் இந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்த இடைநிலை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். அவருடைய தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்த்தால் ஆண்டுக்கு மூன்றரை இலட்சத்தைத் தாண்டும். அவருக்கு ஒரு குழி நிலம்கூட இருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் நிலத்தை அளவுகோலாகக் கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகைக்கு 2023இல் விதி வகுத்தபோது, ஐந்து ஏக்கருக்குக் குறைவான நன்செய் அல்லது பத்து ஏக்கருக்குக் குறைவான புன்செய் உள்ள குடும்பங்கள் என்று மாநில அரசு வரம்பு வைத்தது. மத்திய அரசு பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 2019இல் கொண்டுவந்த பத்து விழுக்காட்டு இடஒதுக்கீட்டிலும் ஐந்து ஏக்கர் வேளாண் நிலம் உள்ளவர் விலக்கப்படுகிறார். நிலத்தை ஒளிக்க முடியாது, பட்டாவில் பெயர் இருக்கிறது, சரிபார்க்க ஆள் வேண்டாம் என்பதே அதன் பெரிய பயன். ஆனால் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதும் உழுபவர் யார் என்பதும் எங்கள் பகுதியில் இரண்டு வேறு கேள்விகள். கோயில் நிலங்களையும் மடத்து நிலங்களையும் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்பவர்கள் இங்கே ஏராளம். பத்து ஏக்கர் சாகுபடி செய்தும் ஒரு சென்ட் பட்டா இல்லாத குடும்பம் உண்டு. சென்னையில் குடியிருந்துகொண்டு, மாமியார் வழி வந்த மூன்று ஏக்கருக்குப் பட்டா வைத்திருக்கும் குடும்பமும் உண்டு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசின் உழவர் உதவித்தொகை பட்டாவைப் பார்ப்பதால், அது இரண்டாமவருக்குப் போய்ச் சேரலாம், முதலாமவருக்குப் போகாது. நிலத்தை மட்டும் பார்த்தால் எங்கள் நிதியும் அதே தவற்றைச் செய்யும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து ஏக்கரை விற்றால் பல இலட்சம் வரும், ஆகவே அவர் செல்வந்தர்தான் என்று குழுவில் ஒருவர் வாதிட்டார். கணக்குப்படி அது சரி. ஆனால் நிலத்தை விற்றுக் கல்லூரிக் கட்டணம் கட்டும் குடும்பம் அடுத்த ஆண்டிலிருந்து கூலிக்குப் போகும் குடும்பமாகிவிடும். பிழைப்புக்கான கருவியையே விற்றால்தான் கையில் காசாகும் என்ற நிலையில் இருப்பதை, வங்கியில் கிடக்கும் வைப்புத்தொகையோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்க என் மனம் ஒப்பவில்லை.

வருமானம் என்பது இரண்டாவது வழி. பல அரசுகள் பின்பற்றுவது இதைத்தான். நம் நாட்டில் 2011-12ஆம் ஆண்டுக்கு, பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு வகுத்த முறைப்படியான வறுமைக்கோடு, ஊர்ப்புறத்தில் ஒருவருடைய மாதச் செலவு 816 ரூபாய், நகர்ப்புறத்தில் 1,000 ரூபாய் என்று இருந்தது. அது பட்டினியை அளக்க உதவலாம். கல்லூரிக்கு அனுப்ப இயலுமா என்பதை அது தொடுவதே இல்லை. வசதியானவரைப் பிரிக்கும் மேல்வரம்பைப் பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை. மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோரில் இடஒதுக்கீடு பெறாத வளமான பிரிவை (கிரீமி லேயர்) நிர்ணயிக்க 2017 முதல் எட்டு இலட்சம் என்ற வரம்பு இருக்கிறது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கும் அதே எட்டு இலட்சம்தான். ஆனால் முன்னதில் பெற்றோரின் சம்பளமும் வேளாண் வருமானமும் அந்தக் கணக்கில் சேரா; பின்னதில் இரண்டும் சேரும். தொகை ஒன்றாக இருந்தும் அதற்குள் எதை எண்ணுவது என்பதில் இரண்டு விதிகள் இரண்டு திசையில் போகின்றன. எங்கள் குழு ஒரு தொகையை வரம்பாக எழுதி வைத்தாலும், அதற்குள் எதைச் சேர்ப்பது என்ற சண்டை மறுநாளே தொடங்கும்.

படுகையில் வருமானத்தை ஆண்டுக்கணக்கில் சொல்வதே கடினம். சம்பளக்காரர் மாதத்தை வைத்து எண்ணுகிறார், உழவர் போகத்தை வைத்து எண்ணுகிறார், போகமோ மேட்டூர் அணையை நம்பியிருக்கிறது. ஜூன் 12இல் திறக்க வேண்டிய அணை 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கப்படவில்லை. ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர் குறுவை போட்டார், இல்லாதவர் சம்பாவுக்குக் காத்திருந்தார். 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டதை நினைவில் கொண்டால், அந்த ஆண்டு வருமானத்தை வைத்து யாரையும் வசதியானவர் என்றோ அல்லாதவர் என்றோ சொல்வது நேர்மையாகாது என்பது விளங்கும். வேளாண் வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் அதற்குக் கணக்கு எழுதும் பழக்கமும் இல்லை. சான்றிதழில் 72,000 என்று வருவதற்கு யாருடைய பொய்யும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சொல்பவருக்கே தொகை தெரியாது என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

கண்ணுக்குத் தெரியும் பொருள்களை வைத்து அளப்பது மூன்றாவது வழி. இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு, குளிர்பதனப் பெட்டியோ தரைவழித் தொலைபேசியோ மோட்டார் பொருத்திய இருசக்கர வாகனமோ உள்ள குடும்பங்களை ஏழைகள் பட்டியலில் சேர்க்காமல் விலக்கியது. இன்று எங்கள் ஊரில் தரைவழித் தொலைபேசி வசதிக்கு அடையாளமில்லை. மோட்டார் சைக்கிள் இல்லாமல் கொத்தனார் வேலைக்குப் போக முடியாது. தொலைக்காட்சியை 2006க்குப் பிறகும், மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை 2011க்குப் பிறகும் அரசே வீடுவீடாகக் கொடுத்தது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவான மின்சாரம் என்று உரிமைத் தொகைக்கு வைத்த வரம்பு இவற்றைவிடப் புத்திசாலித்தனமானது, ஏனெனில் ஏசி ஓடும் வீட்டை மின் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். வீடு மட்டும் நம்மை ஏமாற்றும். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போனவர் கட்டிய மாடி வீட்டில் வெளிப்பூச்சும் கிரானைட்டும் இருக்கும். அதன்மேல் நின்றுகொண்டிருக்கும் கடன் வாசலில் தெரியாது. முகவருக்குக் கட்டிய பணத்தை மூன்று ஆண்டுகளாக அடைத்துக்கொண்டிருக்கும் கட்டுமானத் தொழிலாளியின் மனைவி, ‘சபூர் பணம் (வெளிநாட்டுப் பணம்) வருதுல்ல’ என்று ஊர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டில் அரிசி கேட்கக் கூசுகிறார். நாங்கள் பார்த்த வீடுகளில் இது ஒன்றல்ல.

இனி வர்க்கம் என்பதைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் செல்வமும் வர்க்கமும் ஒன்றில்லை என்பதை எங்கள் மண்ணைப்போல் கண்கூடாகக் காட்டும் இடம் குறைவு. உற்பத்திக் கருவியை வைத்திருப்பவர், உழைப்பை விற்பவர் என்று மார்க்ஸ் பிரித்தார். பொருள் வேறு, மதிப்பு வேறு, அதிகாரம் வேறு, மூன்றும் எப்போதும் ஒரே கையில் இருப்பதில்லை என்று மாக்ஸ் வெபர் பிரித்தார். தஞ்சை மாவட்டத்தில் நூறாண்டுகளுக்கு முன்பு இந்த இரண்டு பிரிவினைக்கும் இடையே அதிக வேறுபாடு தெரிந்திருக்காது: நிலம், சாதி, பட்டாமணியம் என்ற ஊர்த் தலைமைப் பதவி ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே தெருவில் இருந்தன. 1961-62இல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெதெய், அந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கியதைப் பதிவு செய்தார். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே வந்து தங்கி, 1976இல் மீண்டும் வந்து பார்த்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப், நிலமற்ற கூலிகளின் நிலை பெரிதாக மேம்பட்டுவிடவில்லை என்பதை வலியுறுத்தினார். இருவரும் பார்த்தது உண்மை என்றே நினைக்கிறேன். மேல்தட்டில் பிடி தளர்ந்தது; அடித்தட்டில் பாரம் அப்படியே இருந்தது.

அந்தப் பாரம் எத்தகையது என்பதை 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் நாடு பார்த்தது. கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். மறு ஆண்டு வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. குடியிருந்த மனைக்குக்கூட உரிமை இல்லாமல் மிராசுதாரின் தயவில் வாழ்ந்தவர்களுக்கு 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் மனையைச் சொந்தமாக்கியது. ‘வெளியே போ’ என்று ஒருவர் சொன்னால் போக வேண்டிய இடத்தில் குடியிருப்பவருக்கும், தன் மனையில் குடியிருப்பவருக்கும் இடையே, கையில் உள்ள காசு சமமாக இருந்தாலும், நிற்கும் நிலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. செல்வத்தைப் பற்றிய கணக்குகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் விடுபட்டுப்போவது எனக்கு வருத்தத்தைத் தருகிறது.

இன்றைக்கு வர்க்கம் எங்கள் ஊரில் எப்படித் தெரிகிறது என்றால், தாலுகா அலுவலகத்தில் யார் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார், யார் நின்றுகொண்டு பேசுகிறார் என்பதில் தெரிகிறது. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கேட்க ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறாரா என்பதில் தெரிகிறது. நிலமெல்லாம் கைவிட்டுப்போன பழைய மிராசுக் குடும்பத்துக்கு இன்னும் கோயிலில் பரிவட்டம் உண்டு. வங்கியில் எழுத்தராக இருக்கும் கூலித் தொழிலாளியின் மகனுக்குச் சம்பளம் அவர்களைவிடப் பல மடங்கு இருந்தும், கடைத்தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் ‘எந்தத் தெரு?’ என்ற கேள்வி முதலில் வருகிறது. பணத்தை மட்டும் அளக்கும் எந்தக் கோலும் இந்த இரண்டு குடும்பங்களையும் தலைகீழாகவே வைக்கும்.

தமிழ்நாட்டு அரசின் சில திட்டங்கள் இதைப் புரிந்துகொண்டு வருமானத்தை விட்டுவிட்டுக் கல்வியையே அளவுகோலாக்கின என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். 2010-11 முதல் தரப்படும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, குடும்பத்தில் இதற்கு முன் பட்டம் பெற்றவர் உண்டா என்று கேட்கிறது. 2020இல் மருத்துவப் படிப்பில் வந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரு பிள்ளை படித்தது என்பது ஏழு ஆண்டுகளின் சாட்சியம். அதை ஒரே நாளில் தயாரிக்க முடியாது. எங்கள் மனுக்களுக்கு இது மிக நல்ல முதல் சல்லடை. குறை ஒன்றுதான்: எங்கள் பள்ளியே அரசுப் பள்ளி என்பதால் வருகிற எல்லோரும் அதில் தேறிவிடுவார்கள், முதல் பட்டதாரி என்ற கேள்வியிலும் பாதிப் பேருக்கு மேல் தேறுவார்கள். கடைத்தெருவில் இரண்டு கடைகள் வைத்திருந்த அந்தக் குடும்பத்திலும் அந்தப் பிள்ளைதான் முதல் பட்டதாரி.

ஆகவே நான் குழுவின் முன் வைத்தது வேறொரு கேள்வி: ‘இன்று இந்த வீட்டின் வருமானம் நின்றுபோனால், பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல், நிலத்தையோ தாலிக்கொடியையோ விற்காமல், இவர்கள் எத்தனை மாதம் தாங்குவார்கள்?’ வசதி என்பது வைத்திருக்கும் பொருளின் அளவைவிட, அடி விழுந்தால் எழுந்து நிற்பதற்கு உள்ள அவகாசத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. இதை எனக்குக் கற்பித்தது 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்தில் என் உறவினர்கள் சிலர் தென்னந்தோப்பு வைத்திருந்தார்கள். முந்தின நாள் மாலை அவர்கள் எந்த அளவுகோலிலும் வசதியானவர்கள்; மாதம் தவறாமல் காய் வெட்டு, முறை தவறாத பணம். விடிந்தபோது மரங்கள் படுத்துக் கிடந்தன. மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. புதிய கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது வேண்டும். ஒரே அளவு தோப்பு வைத்திருந்த இரண்டு குடும்பங்களில், ஒரு வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பையன் பொறியியலை முடித்தான். இன்னொரு வீட்டில் தோப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த வீட்டுப் பையன் இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டு ஓட்டுநர் வேலைக்குப் போனான். நிலமும் தோப்பு வருமானமும் வீடும் இரண்டு குடும்பங்களுக்கும் ஒன்றுதான். தாங்கும் காலம் மட்டுமே வேறு.

இந்தக் கேள்வியோடு எங்கள் ஊரைப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது. கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் பெறும் ஒரு பெண்ணின் வருமானம் சிறியது. ஆனால் அது எந்த மழையிலும் நிற்காது. வேலை அனுமதியில் சிங்கப்பூரில் இருப்பவரின் வருமானம் பெரியது. நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டால் அன்றே அது முடிந்தது. சொந்தமாக ஐந்து ஏக்கர் உள்ளவர் நிலத்தைக் காட்டிக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி ஓர் ஆண்டைத் தள்ளலாம். அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் பெயர் ஏறாத குத்தகைதாரர் அதே பயிருக்கு வெளியில் வட்டிக்கு வாங்குகிறார். நாற்று நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் குடும்பத்துக்கு அவகாசம் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம்.

கடன் எவ்வளவு என்பதைவிடக் கடன் எங்கே என்பது அதிகம் சொல்லும் என்பதையும் இந்தக் கேள்வியைத் தொடர்ந்தபோதுதான் உணர்ந்தோம். சம்பளச் சீட்டு உள்ளவருக்கு வங்கி தானே தொலைபேசியில் அழைத்துக் கடன் தருகிறது. நகை உள்ளவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ போகிறார். அங்கே வைக்கும் அளவுக்கு நகை இல்லாதவர் அடகுக் கடைக்குப் போகிறார். தோடும் மூக்குத்தியும் போன பிறகு பெண்கள் குழுக்கடன் வாங்கி, வாரந்தோறும் தவணைக்காரர் வரும் நாளில் வீட்டில் இருப்பதற்கே அஞ்சுகிறார்கள். எதுவும் வாங்காதவர் வசதியானவர் என்று நினைக்கவும் கூடாது. அவருக்குக் கொடுக்க ஆளில்லாமலும் இருக்கலாம்.

இந்த அளவுகோலின் குறைகளை மறைக்க நான் விரும்பவில்லை. அதை எந்தச் சான்றிதழும் தராது, வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும், கேட்பதே அவமானமாகிவிடக்கூடும். பதினேழு வயதுப் பிள்ளையின் முன்னால் அதன் தாயிடம் ‘நகை எங்கே இருக்கிறது?’ என்று கேட்பது கொடுமை. இல்லாததை இருப்பதாகக் காட்டும் குடும்பங்களும் இங்கே உண்டு. எங்கள் குழுவின் மூத்தவர் ஒரு பழைய மிராசு வீட்டைப் பற்றிச் சொன்னார்: “பத்தாயம் இன்னும் அப்படியே இருக்கு தம்பி, உள்ள நெல்லுதான் இல்ல. ஆனா அதை அவங்க வாயால சொல்ல மாட்டாங்க.” எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்ப்புச் சொல்பவர்கள் யார் என்ற கேள்வி இருக்கிறது. சென்ற ஆண்டு வரை எங்கள் குழுவில் இருந்த ஏழு பேரும் மேலத்தெருவையும் கடைத்தெருவையும் சேர்ந்தவர்கள், எல்லோரும் ஆண்கள். திருப்பூருக்குப் போன அந்தப் பெண்ணின் வீட்டை எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. சான்றிதழை நம்பியிருந்தது சோம்பலால் மட்டுமில்லை, அந்தத் தெருவுக்குள் போய்ப் பழகாததாலும்தான் என்பதைக் கூட்டத்தில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நாங்கள் எடுத்த முடிவு இது. வருமானச் சான்றிதழ் கேட்பதை நிறுத்திவிட்டோம். நிலத்தை விலக்குவதற்கான காரணமாக வைக்கவில்லை. பட்டா யார் பெயரில், சாகுபடி யார் செய்கிறார் என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறோம். முதல் பட்டதாரி என்பது முன்னுரிமைக்கான முதல் காரணம். அதற்குப் பிறகு, மாதந்தோறும் தவறாமல் வரும் வருமானம் ஏதேனும் உண்டா, உண்டென்றால் அது சம்பளமா ஓய்வூதியமா வாடகையா, மனை யாருடையது, கடன் எந்த வகையில் என்ற கேள்விகள். இவற்றைப் பிள்ளையிடம் கேட்காமல், வகுப்பாசிரியை மூலம் மூடிய உறையில் பெறுகிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் போவார்கள். ஒருவர் பெண்ணாகவும், இருவரும் வெவ்வேறு தெருவினராகவும் இருக்க வேண்டும். குழுவில் தெற்குத் தெருவிலிருந்து ஒருவரையும், அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரையும் சேர்த்திருக்கிறோம்.

புதிய முறையைச் சோதித்துப் பார்க்கச் சென்ற ஆண்டின் 31 மனுக்களையும் மீண்டும் எடுத்தோம். பன்னிரண்டாம் இடத்துக்கு இரண்டு பெயர்கள் வந்து நின்றன. ஒன்று மடத்து நிலத்தில் குத்தகை செய்பவரின் மகள். வீட்டில் முதல் முறையாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவள். இன்னொன்று பெரியவர் சொன்ன அந்தப் பத்தாயத்து வீட்டுப் பையன்: கூட்டுப் பட்டாவில் ஏழு ஏக்கர், அதன்மேல் பதினைந்து ஆண்டு வழக்கு, தாத்தா அந்தக் காலத்துப் பட்டதாரி, அம்மாவின் நகை முழுவதும் அடகில். அடகுச் சீட்டுகளைப் பார்த்தால் அந்த வீடு தாங்கும் காலம் குத்தகைதாரர் வீட்டைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். நீண்ட நேரம் பேசினோம். அந்தப் பையனுக்குத் திருச்சியில் வங்கி மேலாளராக ஒரு தாய்மாமன் இருக்கிறார். கேட்கக் கூசினாலும் கேட்பதற்கு ஒருவர் உண்டு. அந்தப் பெண்ணுக்கு எங்கள் குழுவைத் தவிரக் கேட்க யாருமில்லை. பன்னிரண்டாம் இடம் அவளுக்கு என்று எழுதினோம். பையனின் பெயரைப் பதின்மூன்றாவதாக எழுதி முடித்தபோது, அந்தத் தாய்மாமனிடம் தான் பேசிப் பார்ப்பதாக மூத்தவர் சொன்னார். பேசினார்; இந்த ஆண்டுக் கட்டணத்துக்கு முன்பணம் வந்திருக்கிறது.